வழக்கம்போல் மாணவிகளே

பொதுத்தேர்வு முடிவு வந்த மறுநாள் எங்கள் ஆசிரியர் அறை மேசையில் நாளிதழ் விரிந்து கிடக்கும். முதல் பக்கத்தில் இரட்டைச் சடையும் ரிப்பனுமாக நான்கைந்து பெண்கள் ஒருவருக்கொருவர் இனிப்பு ஊட்டிக்கொண்டிருப்பார்கள். பக்கத்திலேயே ஒரு வாக்கியம்: "வழக்கம்போல் மாணவிகளே அதிகம்." பத்தொன்பது ஆண்டுகளாக ஓசூரை அடுத்த ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் கணக்குப் பாடம் எடுக்கிறேன். அந்த வாக்கியம் வராத ஒரு மே மாதம் எனக்கு நினைவில்லை.

வாக்கியத்தில் பொய் இல்லை. 2024 பிளஸ் டூ தேர்வில் மாணவிகள் 96.44 சதவீதம், மாணவர்கள் 92.37. 2025இல் மாணவிகள் 96.70, மாணவர்கள் 93.16. அதே ஆண்டு பத்தாம் வகுப்பில் மாணவிகள் 95.88, மாணவர்கள் 91.74. பெண்கள் முந்தியிருக்கிறார்கள். ஆனாலும் கவிதையையும் கதையையும் வாசிப்பதுபோல இந்த வாக்கியத்தையும் ஒரு பிரதியாக நிறுத்தி வாசிக்க வேண்டும் என்று எனக்குப் பல நாளாகத் தோன்றுகிறது. அதில் என்னைத் தொந்தரவு செய்கிற சொல் 'வழக்கம்போல்'.

பேருந்து வழக்கம்போல் தாமதம், குழாயில் வழக்கம்போல் தண்ணீர் இல்லை என்கிறோம். ஏன் என்று இனிக் கேட்கப்போவதில்லை என்று முடிவு கட்டிய விஷயங்களுக்குத்தான் அந்தச் சொல்லைப் போடுகிறோம். யாராவது கேட்டுவிட்டால் ஆசிரியர் அறையில் பதில் தயாராக இருக்கும்: "பொம்பளப் பிள்ளைங்க வீட்டோட இருக்கும், படிக்கும். பசங்க ஊர் சுத்துவானுங்க." இதைப் பாராட்டாகத்தான் சொல்கிறோம். அந்தப் பாராட்டின் முதல் பாதி, 'வீட்டோட இருக்கும்', ஒரு அடைப்பு என்பது நமக்கு உறைப்பதில்லை. வீட்டோடு இருக்கிற பெண் படித்துக்கொண்டா இருக்கிறாள்? அம்மா ரோஜாப் பண்ணையின் பசுமைக்குடிலிலோ, அத்திபெலே பக்கத்து ஆடைக் கம்பெனியிலோ நிற்கிறாள். விடியுமுன் வேன் வந்து அவளை ஏற்றிக்கொண்டு போய்விடுகிறது. பிறகு சோறு, தண்ணீர், தம்பி தங்கை, மாடு இருந்தால் மாடு, எல்லாம் இந்தப் பெண்ணின் தலையில். என் வகுப்பில் பாதிப் பேர் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் புத்தகத்தைத் திறக்கிறார்கள்.

அப்படியிருந்தும் ஏன் அதிகம் தேர்ச்சி பெறுகிறார்கள்? தோற்றால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும் என்பதுதான் நான் கண்ட பதில்.

பையன் தோற்றால் வீட்டில் அடி விழலாம், இரண்டு நாள் சாப்பாடு இறங்காமல் போகலாம். அதற்கப்புறம் அவனுக்கு லேத் பட்டறை இருக்கிறது, டூவீலர் மெக்கானிக் கடை இருக்கிறது, துணைத்தேர்வு இருக்கிறது. நாற்பது வயதில், "நான் பத்தாவது ஃபெயிலுப்பா" என்று டீக்கடையில் சிரித்துக்கொண்டே சொல்வான். அப்படிச் சிரித்துச் சொல்லும் ஒரு பெண்ணை நான் இதுவரை பார்த்ததில்லை. அரசு ஆணையில் துணைத்தேர்வு இருவருக்கும் பொதுதான். வீட்டுக்குள் அது பையனுக்கு மட்டும் உரியது.

எங்கள் பகுதியில் மதிப்பெண் பட்டியலை யார் யாரெல்லாம் வாசிக்கிறார்கள் என்று பார்த்தால் இது புரியும். 1970களில் சிப்காட் வந்ததிலிருந்து ஓசூரில் படிப்பும் ஆலையும் பக்கத்துப் பக்கத்து வாசல்கள். அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்ற பெயர்களைக் கேட்டே எங்கள் பிள்ளைகள் வளர்கிறார்கள். இப்போது தேன்கனிக்கோட்டைப் பக்கம் டாட்டா எலக்ட்ரானிக்ஸ் வந்திருக்கிறது. செல்பேசி பாகங்கள் செய்யும் அந்த ஆலையில் வேலை செய்வோரில் பெரும்பான்மை இளம் பெண்கள். 2022இல் ஜார்க்கண்டிலிருந்துகூடப் பெண்கள் ரயிலில் அழைத்துவரப்பட்டார்கள். ஆலை வாசலில் மதிப்பெண்ணைவிடப் பிறந்த தேதிக்குத்தான் முதல் பார்வை. பதினெட்டு முடிந்ததா?

அதே வரியை வாசிக்கும் இன்னொருவர் குழந்தைத் திருமணத்தைத் தடுக்க வரும் அதிகாரி. ஒரு சிறுமியின் வயதை முடிவு செய்யப் பள்ளிச் சான்றிதழையே முதல் ஆதாரமாக எடுக்க வேண்டும் என்று சிறார் நீதிச் சட்டம் சொல்கிறது. ஆகவே மகளுக்குச் சம்பந்தம் பேசுகிற வீடும் அந்தத் தேதியைப் பார்க்கிறது, இன்னும் எத்தனை மாதம் என்று எண்ணுவதற்கு. மற்ற ஊர்களில் மொத்தம் எவ்வளவு என்று பார்க்கும் காகிதத்தை எங்கள் ஊரில் மேலே இருந்து படிக்கத் தொடங்குகிறார்கள்.

அரசும் நீண்ட காலம் இதை இப்படித்தான் வாசித்தது. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவித் திட்டத்தில், பத்தாம் வகுப்பு வரை படித்த ஏழைப் பெண்ணின் திருமணத்துக்குப் பணம் கிடைத்தது. பின்னாளில் தாலிக்குத் தங்கமும் சேர்ந்தது. அந்தத் திட்டத்தால் பல பெண்கள் பத்தாவது வரையாவது வந்தார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. தேவதாசி முறையை எதிர்த்துப் போராடிய ஒரு பெண்ணின் பெயரில், பள்ளிப் படிப்பு கல்யாணத்துக்கான தகுதியாக நிறுத்தப்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2022இல் அது புதுமைப்பெண் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் என்று ஆனது. நான் மனதார வரவேற்ற மாற்றம் அது. ஆனால் அந்த ஆயிரமும் தேர்ச்சி பெற்றவளுக்குத்தான். தோற்றவளுக்கு அரசிடமும் ஒரு தேர்வுத் தேதியைத் தவிர வேறில்லை.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பில் ஒருத்தி கணக்கில் 31 வாங்கினாள். தேர்ச்சிக்கு 35 வேண்டும். பேரைச் சொல்ல மாட்டேன். வீட்டில் தெலுங்கு பேசுவாள், என்னிடம் தமிழில் சண்டை போடுவாள். தேர்வு முடிவு, பள்ளியில் கொடுத்த எண்ணுக்குக் குறுஞ்செய்தியாகப் போகும் என்று நாம் பெருமையாகச் சொல்கிறோம். அவள் பதிவில் இருந்தது சித்தப்பாவின் எண். அவள் தோற்ற செய்தி அவளுக்கு முன்னால் சித்தப்பாவுக்குத் தெரிந்தது. நான் கூப்பிட்டபோதும் அவர்தான் எடுத்தார்.

"ஃபெயிலுங்க டீச்சர். விடுங்க."

"துணைத்தேர்வு இருக்குங்க. ஒரே ஒரு பாடம்தான். நான் சொல்லித் தரேன், நாளைக்கு அனுப்பி வையுங்க."

"பாக்கலாங்க."

கட்டணத்தை நானே கட்டினேன். பத்து நாள் கழித்து வீட்டுக்குப் போனேன். அவள் இல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டதாக அம்மா சொன்னாள். பண்ணையில் முள் கீறிய கையோடு எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். நான் சட்டம் பேசினேன், வயதைப் பேசினேன். அவள் கோபப்படவே இல்லை. "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க" என்றாள். "ஃபெயிலானா கல்யாணம்தான்னு டீச்சர் சொன்னாங்கன்னு பாப்பாவே வந்து சொல்லிச்சு."

ஆமாம், நான்தான் சொன்னேன். திருப்புதல் தேர்வில் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களை எழுப்பி நிறுத்தி ஒவ்வோர் ஆண்டும் சொல்வேன்: "ஒழுங்காப் படி. இல்லேன்னா வீட்ல கட்டிக் குடுத்துடுவாங்க, பாத்துக்கோ." அக்கறையாகச் சொல்வதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் சொல்லை அந்தப் பெண் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு போய் வீட்டில் ஒப்படைத்திருக்கிறாள். வீட்டின் பயமுறுத்தலைப் பள்ளியும் சொன்னபோது, எதிர்த்துப் பேச அவளுக்கு இருந்த ஒரே இடமும் போயிற்று. 1098க்குத் தகவல் சொன்னோம். அதிகாரிகள் போனார்கள், எழுதி வாங்கினார்கள். துணைத்தேர்வு நாளில் அவள் தேர்வறைக்கு வரவில்லை. அவளுடைய நுழைவுச்சீட்டு இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.

அந்த ஆண்டு ஆய்வுக் கூட்டத்தில் எங்களிடம் கேட்கப்பட்டது ஒரே கேள்வி: நூறு சதவீதம் ஏன் வரவில்லை? "ஒரு பிள்ளையால நூறு போச்சு" என்று என் பக்கத்தில் இருந்த ஆசிரியை வருத்தப்பட்டார். அவர் கெட்டவர் அல்லர். விடுமுறை நாளிலும் வந்து வகுப்பு எடுத்தவர், சொந்தக் காசில் பிள்ளைகளுக்குச் சுண்டல் வாங்கிக் கொடுத்தவர். ஆசிரியரின் உழைப்பை ஒற்றைச் சதவீதமாக்கி அளக்கும்போது, தோற்கும் பிள்ளை அவர் கண்ணுக்கும் ஓட்டையாகத்தான் தெரியும்.

மாநில முதலிடம், இரண்டாமிடம் என்ற பட்டியலை 2017இல் அரசு நிறுத்தியது நல்ல முடிவு. அதற்கு முன் எங்கள் மாவட்டம் அந்தப் பட்டியலில் ஒளிர்ந்தது. 2014இலும் 2016இலும் பிளஸ் டூ மாநில முதலிடம் ஊத்தங்கரைக்கு வந்தது. இரண்டு முறையும் அதில் மாணவிகள் இருந்தார்கள். அதே மாவட்டத்தின் அஞ்செட்டி, தளி மலைக் கிராமங்களில் பெண்கள் எட்டாவதோடு நின்றுகொண்டிருந்தார்கள். முதலிடத்துப் பெண்ணைத் தெரிந்த அளவுக்கு இவர்களை யாருக்கும் தெரியாது. பிள்ளைகளின் வரிசை போனாலும் மாவட்டங்களின் வரிசை இன்றும் வருகிறது, அதன் அழுத்தம் அப்படியே வகுப்பறைக்குள் இறங்குகிறது.

தேர்ச்சி சதவீதம் என்பது தேர்வு எழுதியவர்களை மட்டும் வைத்துப் போடும் கணக்கு. கணக்கு டீச்சராக எனக்கு வகுக்கும் எண்ணைப் பற்றிக் கவலை உண்டு. 2023 மார்ச் 13 அன்று பிளஸ் டூ தமிழ்த் தேர்வுக்கு 50,000 பேருக்கு மேல் வரவில்லை. அந்த ஆண்டுத் தேர்ச்சி 94.03 சதவீதம் என்று வந்தபோது அவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. 2025 மார்ச்சில் எங்கள் மாவட்ட மலைப்பகுதியில், கட்டாயத் திருமணம் செய்துவைக்கப்பட்ட பதினான்கு வயதுச் சிறுமி கதறக் கதறத் தூக்கிச் செல்லப்படும் காணொளியைத் தமிழ்நாடே பார்த்தது. கைதுகள் நடந்தன. ஏழாம் வகுப்போடு நின்றவள் அவள். எந்த மே மாதத்துச் சதவீதத்திலும் அவள் தேர்ச்சியும் இல்லை, தோல்வியும் இல்லை. மாணவிகள் அதிகம் என்று எழுதும்போது, ஆறாம் வகுப்பில் கூடச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் தேர்வறை வரை வந்தார்கள் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதினால் அந்தப் புகைப்படத்தை வேறுவிதமாகப் பார்ப்போம்.

வெற்றிச் செய்தியிலும் பெண்ணைத் தனியாக விடுவதில்லை. 2023இல் திண்டுக்கல் மாணவி ஒருவர் 600க்கு 600 வாங்கினார். அவரைத் 'தச்சுத் தொழிலாளியின் மகள்' என்றே நாடு அறிந்தது. கூலித் தொழிலாளி மகள், ஆட்டோ ஓட்டுநர் மகள் என்று ஆண்டுதோறும் தலைப்புகள் வருகின்றன. வறுமையைச் சொல்வது தேவைதான். ஆனால் அப்பாவின் தொழிலைச் சொல்லும் செய்தியில் அம்மா பெரும்பாலும் லட்டு ஊட்டும் கையாக மட்டும் வருகிறாள். விடியுமுன் வேன் ஏறிய கை அதுதான். மகள் ஒன்பது மணிக்குப் புத்தகத்தைத் திறந்ததற்கும் அம்மாவின் வேலைக்கும் உள்ள தொடர்பைச் செய்தி எழுதுவதில்லை.

இப்போது சில காரியங்களை மாற்றிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பயமுறுத்தலை வகுப்பில் சொல்வதில்லை. மார்ச்சிலேயே அம்மாக்களைக் கூப்பிட்டு, தோற்றால் என்ன செய்வது, எவ்வளவு கட்டணம், எப்போது தேர்வு என்று பேசுகிறோம். தெலுங்கும் கன்னடமும் தெரிந்த ஆயாம்மா அதை எடுத்துச் சொல்கிறார். குறுஞ்செய்திக்கு அம்மாவின் எண் இருந்தால் அதைக் கேட்டு வாங்குகிறோம். முடிவு நாளில் பள்ளிக்கு வந்து பாருங்கள் என்று பிள்ளைகளிடம் சொல்கிறோம். தோற்றவள் வீட்டுக்குப் போகும்போது அவள் கையில் துணைத்தேர்வுக்குப் பணம் கட்டிய ரசீது இருக்க வேண்டும் என்பதுதான் திட்டம். இதெல்லாம் பெரிய புரட்சி இல்லை. எல்லா வீட்டிலும் பலிப்பதும் இல்லை.

நான் கேட்பது பெண்கள் தோற்பதற்கான உரிமையை. தோற்று, அழுது, மறுபடி எழுதி, வேண்டுமானால் மறுபடியும் தோற்கிற உரிமை. ஆண் பிள்ளைகளுக்கு அது கேட்காமலே கிடைத்திருக்கிறது. அது பெண்களுக்கும் கிடைத்தபின் அவர்களின் சதவீதம் கொஞ்சம் இறங்கினாலும் எனக்கு வருத்தமில்லை.

போன ஆண்டு எங்கள் பள்ளியில் இரண்டு பேர் பத்தாம் வகுப்பில் தவறினார்கள். இருவரும் ஜூலையில் துணைத்தேர்வு எழுதினார்கள். ஒருத்தி தேறி, பிளஸ் ஒன்னில் சேர்ந்துவிட்டாள். இன்னொருத்தி அறிவியலில் மறுபடியும் தவறினாள். அடுத்த தேர்வுக்கு அவளுடைய அம்மாவே வந்து பணம் கட்டினாள். "எத்தனை தடவை டீச்சர் எழுதலாம்?" என்று கேட்டாள். பாஸாகிற வரைக்கும் எழுதலாம் என்றேன்.