வாளுக்குப் பின் வெறுங்கை

கொச்சியின் மட்டாஞ்சேரிக்கும் வில்லிங்டன் தீவுக்கும் நடுவே ஒரு கப்பல் கால்வாய்தான். அக்கரைப் பக்கம் கடற்படைத் தளம். இக்கரையில், ஃபோர்ட் கொச்சியில், கடற்படையின் பீரங்கிப் பயிற்சிப் பள்ளியான ஐ.என்.எஸ். துரோணாச்சாரியா. அதே ஊரில் மாலையானால் சுற்றுலாப் பயணிகளுக்குக் களரிக் காட்சி நடக்கிறது. வாள் மோதித் தீப்பொறி பறக்கும், வளையும் வாளான உருமி சுழலும். பார்த்துவிட்டு வெளியே வருகிறவர்களில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: கமாண்டோக்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தால் என்ன?

கேள்வி பழையது. களரி ஒருகாலத்தில் படைப்பயிற்சியேதான். 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலபாரில் இருந்த போர்த்துகீசியர் துவார்த்தே பர்போசா, நாயர் சிறுவர்கள் ஏழு வயதிலேயே ஆயுதப் பள்ளிக்கு அனுப்பப்பட்டதை எழுதிவைத்திருக்கிறார். ஆனால் 1504-இல் கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் பெரும்படை கொச்சியைப் பிடிக்க வந்தபோது, துறைகளில் அதைத் தடுத்து நிறுத்தியது போர்த்துகீசியத் தளபதி பச்சேக்கோ பெரைராவின் சிறு படையும் அதன் பீரங்கிகளும். வாள்வீரனின் காலம் முடியப்போவதை கொச்சிக் காயல் முன்கூட்டியே பார்த்துவிட்டது.

வட கேரளத்து முறையான வடக்கன் களரியின் பாட வரிசையைக் கவனிக்க வேண்டும். 42 அடி நீளம், 21 அடி அகலமுள்ள குழிக்களரி. தென்மேற்கு மூலையில் ஏழு படிகளில் பூத்தறை என்னும் வழிபாட்டு மேடை. முதலில் மெய்த்தாரி: யானை, சிங்கம், பன்றி, மயில் முதலான எட்டு வடிவுகளில் உடம்பை வளைப்பது. பிறகு கம்புப் பயிற்சியான கோல்தாரி, அதற்குப் பின் இரும்பு ஆயுதங்களின் அங்கத்தாரி. எல்லாம் முடிந்த பிறகுதான் வெறுங்கை. ஆயுதத்தோடு வருபவனை ஆயுதமில்லாமல் எதிர்கொள்வது அது. மர்மம், அதாவது வர்மப் புள்ளிகள், தெரியாமல் முடியாது. ஆளின் குணத்தைப் பல வருடம் பார்த்த பிறகே குருக்கள் அதைத் தொடங்குவார். தேர்ச்சியின் அளவுகோல் போட்டியில் வெல்வதன்று. குருக்களின் வாய்மொழிக் கட்டளையான வாய்த்தாரி ஒலிக்க, அடி பிசகாமல் மெய்ப்பயற்றை முடிப்பதுதான்.

ராணுவமும் வெறுங்கையைக் கடைசியில்தான் வைக்கிறது. துப்பாக்கி, பயோனெட், கத்தி எல்லாம் கைவிட்டுப் போனால்தான் கை. களரிக்கு மகுடமாக இருப்பது படைக்கு வேறு வழியில்லாத நிலை. ஷாங்காய் போலீசில் பணியாற்றியபோது ஜுஜுத்சு கற்ற ஃபேர்பேர்ன் என்ற அதிகாரி, இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கமாண்டோக்களைப் பயிற்றுவித்தபோது கற்றதில் பெரும்பகுதியை ஒதுக்கிவிட்டு, தாடைக்கு ஓர் உள்ளங்கை அடி, முழங்கால், பூட்ஸ் உதை என்று சிலவற்றையே வைத்துக்கொண்டார். களைத்து, பயந்து, இருட்டில் நிற்பவனுக்கும் நினைவில் நிற்க வேண்டும். அதுவே அங்கே அளவுகோல். இஸ்ரேல் ராணுவத்தின் கிராவ் மாகாவும் இதே வழிதான். அங்கிருந்து அது நம் சிறப்புப் படைகளுக்கும் வந்தது.

2020 ஜூன் 15 இரவு லடாக்கின் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய, சீனப் படைகள் மோதியபோது துப்பாக்கி வெடிக்கவில்லை. தடியும் கல்லும் கையும்தான். ராமநாதபுரம் மாவட்டத்து ஹவில்தார் பழனி உட்பட இந்திய வீரர்கள் 20 பேர் இறந்தார்கள். அதன் பிறகு இந்தோ-திபெத் எல்லைக் காவல் படை ஜூடோ, கராத்தே, கிராவ் மாகா மூன்றிலும் எடுத்து ஒரு வெறுங்கைப் பயிற்சியை உருவாக்கியது. களரி அதில் இல்லை என்பதில் எனக்கு வியப்பில்லை. குறுகிய காலத்தில் முடிக்க வேண்டிய பயிற்சிக்குள் மெய்த்தாரி எப்படி அடங்கும்?

ஆனால் களரி என்றாலே வடக்கன் என்று முடிவுகட்டுவது சரியல்ல. மத்திய கேரளத்தில் தரையில் களம் வரைந்து அதன்மேல் அடிவைக்கும் முறை உண்டு. இன்னும் தெற்கே, திருவிதாங்கூரிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும், வரிசையே தலைகீழ். அகத்தியரை ஆதிகுருவாகக் கொண்ட தெக்கன் முறையில், அதாவது நம் அடிமுறையில், முதல் நாளே கைதான்: ஒற்றைச்சுவடு, கூட்டச்சுவடு, எதிரே ஓர் ஆள். தாவல் குறைவு, நெருங்கி நின்று அடிப்பது அதிகம். மேடையில் எடுபடாது, அதனாலேயே சுற்றுலா விளம்பரங்களில் இதற்கு இடம் கிடைப்பதில்லை. படைக்கு ஒத்துவரும் சரக்கு இருப்பது இங்கேதான். என்னைக் கேட்டால், கொச்சி அரங்கில் உருமியைப் பார்த்து மலைக்கும் அதிகாரியை நாகர்கோவிலுக்கு பஸ் ஏற்றிவிடுவேன்.

அங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. 12 படுவர்மம், 96 தொடுவர்மம் என 108 இடங்களையும் ஆசான் ஒரே கூட்டத்துக்குச் சொல்லமாட்டார். ஆள் பார்த்து, ஒவ்வொன்றாகத்தான் சொல்வார், அடியோடு சேர்த்து அதை இளக்கும் வைத்தியத்தையும். படைக்கு வேண்டியதோ ஒரு பிளாட்டூன் முழுவதும் ஒரே மாதிரி செய்யும் பத்து அடிகள்.