சுட்டவர் யார்?

கதையை உச்சத்தில் நிறுத்திக் கேட்பவரைக் காக்க வைப்பது மிகப் பழைய உத்தி. 'ஆயிரத்தோரு இரவுக'ளில் ஷஹ்ரஸாத் விடியும் வேளையில் கதையை நிறுத்துகிறாள். எஞ்சியதைக் கேட்கும் ஆவலால் அரசன் அவளை உயிரோடு விடுகிறான். அதே உத்தியைத் தொலைக்காட்சி கையாண்ட விதத்துக்குப் பெயர் பெற்ற சான்று அமெரிக்காவின் 'டல்லாஸ்' தொடர்.

1978-ல் சி.பி.எஸ். நிறுவனம் ஒளிபரப்பத் தொடங்கிய இத்தொடர், டெக்ஸாஸ் மாநிலத்து எண்ணெய்ச் செல்வர்களான யூயிங் குடும்பத்தின் கதை. மூத்த மகன் ஜே.ஆர். மனைவிக்குத் துரோகம் செய்பவன், கூட்டாளிகளை ஏமாற்றுபவன். லாரி ஹேக்மன் அப்பாத்திரத்தை ஏற்றார். 1980 மார்ச் 21-ல் ஒளிபரப்பான பகுதியின் முடிவில், இரவில் தன் அலுவலகத்தில் தனித்திருக்கும் ஜே.ஆரை யாரோ சுட்டுவிடுகிறார்கள். சுட்டவரின் முகம் காட்டப்படவில்லை. நடிகர்களின் வேலைநிறுத்தமும் குறுக்கிட, விடை நவம்பர் 21 வரை தள்ளிப் போயிற்று. அன்றிரவு அமெரிக்காவில் மட்டும் சுமார் 8.3 கோடிப் பேர் அதைப் பார்த்ததாக மதிப்பிட்டனர்.

இவ்வளவு ஆவல் எங்கிருந்து வந்தது? துப்பாக்கி ஓசையிலிருந்து அன்று என்பதே நம் கருத்து. அவனால் வஞ்சிக்கப்பட்டோர் பலர் என்பதைத் தொடர் முன்னரே நிறுவியிருந்தது. ஆகவே 'சுட்டவர் யார்?' என்று கேட்ட ஒவ்வொருவரும், தம்மை அறியாமலே, அவன் யார் யாருக்குத் தீங்கிழைத்தான் என்று கணக்கிட்டுக் கொண்டிருந்தனர். எட்டு மாதங்கள் கோடிக்கணக்கானோரை ஒருவனுடைய கொடுமைகளை எண்ணிப் பார்க்க வைத்தது சிறிய செயலன்று. இத்தொடரை வெறும் பொழுதுபோக்கு என்று நாம் ஒதுக்காததற்குக் காரணம் இதுவே.

ஆயினும் விடை வந்தபோது அந்தக் கணக்கு தீர்க்கப்படவில்லை. சுட்டவள் மனைவி சூ எலனின் தங்கை கிறிஸ்டின். பழியைத் தன் அக்காள்மீதே சுமத்த முயன்றவள் அவள். உண்மை வெளியானதும், ஜே.ஆரின் குழந்தையைத் தான் சுமப்பதாகக் கூறுகிறாள். குடும்பத்துக்கு அவப்பெயர் வரும் என்றஞ்சி அவன் அவளைப் போகவிடுகிறான். குற்றம் மறைக்கப்பட்டது, குற்றத்துக்குக் காரணமானவனோ பிழைத்தெழுந்து பழைய வழியிலேயே நடந்தான். மரணத்தின் வாசல்வரை சென்று வந்தவனிடம் ஒரு மாற்றமும் இல்லை.

வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. ஷஹ்ரஸாதின் கதைகள் முடியும்போது அரசனின் நெஞ்சம் மாறியிருந்தது. காத்திருப்புக்குப் பயன் இருந்தது. டல்லாஸில் காத்திருப்பு முடிந்தது. நமக்கு ஒரு பெயர் மட்டுமே கிடைத்தது.

நம் இல்லங்களிலும் இரவுதோறும் ஏதேனும் ஒரு தொடர் திடுக்கிடும் காட்சியில் நிற்கிறது. 'நாளை என்ன நடக்கும்?' என்று பிள்ளைகள் கேட்கும்போது, 'இவர் ஏன் இப்படி ஆனார்?' என்ற வினாவையும் பெரியவர்கள் சேர்த்துக் கேட்கலாம். முதல் வினாவுக்கு மறுநாள் விடை கிடைத்துவிடும். இரண்டாவதற்கு விடை தருவதே இலக்கியம்.