25 கோடியும் 5000 ரூபாயும்

லாட்டரிப் பரிசு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. பரிசு விழுந்த மறுநாளும் வென்றவர் அதே வீட்டில் படுத்து எழுந்து, அதே கடையில் டீ குடிக்க முடிய வேண்டும். பணம் அந்த அளவைத் தாண்டினால் வென்றவருக்கே அது பாரமாகிவிடும். கொச்சியின் மட்டாஞ்சேரியில் பல வருடமாக டிக்கெட் எடுக்கிறவன் நான். இலங்கைக்குப் போகும்போதெல்லாம் அங்குள்ள லொத்தர்க் கூண்டுகளையும் விட்டதில்லை. இரண்டு இடத்திலும் அரசாங்கமே நடத்தும் ஆட்டம்தான். ஆனால் பரிசு வந்து சேரும் விதமும், அது வாழ்க்கைக்குள் நுழையும் விதமும் வேறு வேறு.

இதில் இலங்கை நமக்கு மூத்தது. அங்கே தேசிய லொத்தர் சபை 1963-இல் வந்தது. கேரளத்தில் ஈ.எம்.எஸ். அமைச்சரவையில் நிதியமைச்சராக இருந்த பி.கே. குஞ்ஞு 1967-இல் அரசு லாட்டரியைக் கொண்டுவந்தார். அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி விற்பனைக்கு வந்த முதல் டிக்கெட்டின் விலை 1 ரூபாய், முதல் பரிசு 50,000 ரூபாய். குலுக்கல் 1968 ஜனவரி 26-இல். அடுத்து அண்ணா தமிழ்நாட்டில் பரிசுச் சீட்டைத் தொடங்கினார். ‘விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு’ என்ற வாசகம் அந்தத் தலைமுறைக்கு மனப்பாடம். 2003-இல் தமிழ்நாட்டில் லாட்டரி தடை செய்யப்பட்டது. அதற்குப் பிறகு வாளையாரிலும் குமுளியிலும் கேரள எல்லை தாண்டியதும் முதலில் கண்ணில் படுவது லாட்டரிக் கடைதான்.

கேரளத்தில் திங்களுக்கு பாக்யதாரா, செவ்வாய்க்கு ஸ்த்ரீ சக்தி, புதனுக்கு தனலக்ஷ்மி, வியாழனுக்கு காருண்ய பிளஸ் என்று நாளுக்கொரு பெயர் இருப்பதைப் பார்த்து, அலங்காரத்துக்கு வைத்தது என்று நினைப்பவர்கள் உண்டு. காரணம் சட்டத்தில் இருக்கிறது. ஒரு லாட்டரிக்கு வாரத்தில் ஒரு குலுக்கலுக்கு மேல் கூடாது என்கிறது 1998-ஆம் வருட மத்தியச் சட்டம். தினமும் குலுக்க வேண்டுமென்றால் ஏழு லாட்டரி வேண்டும். இலங்கையில் அந்தக் கட்டு இல்லை. மகஜன சம்பத, கொவிசெத, அத கோடிபதி என்று ஒரே பெயர் பல இரவுகளில் திரும்பத் திரும்ப வரும். லக்ன வாசனாவில் நான்கு எண்களோடு ராசியும் பொருந்த வேண்டும். குலுக்கல் இரவில், தொலைக்காட்சியில். வேலை முடிந்து குடும்பத்தோடு உட்கார்ந்து பார்க்கலாம். இங்கே திருவனந்தபுரத்தில் பகலிலேயே குலுக்கி முடித்துவிடுவார்கள். மூன்று மணிக்கு மேல் லாட்டரிக் கடை வாசலில் நிற்கும் ஆட்களின் முகத்தைப் பார்த்தே யாருக்கு என்ன ஆயிற்று என்று சொல்லிவிடலாம். மீதிப் பேர் காலைப் பத்திரிகையின் பொடி எழுத்தில் விரலை ஓட்டுவார்கள்.

ஆனால் நேரத்தைவிடப் பெரிய வித்தியாசம் பரிசுக் கணக்கில் இருக்கிறது. இலங்கையில் எழுத்தும் எண்களும் முழுதாகப் பொருந்தியவர் யாரும் இல்லையென்றால் பெரும் பரிசு அடுத்த ஆட்டத்துக்குப் போகும். அங்கிருந்து அதற்கடுத்த ஆட்டத்துக்கு. தொகை ஏற ஏறக் கூண்டுக்கு முன்னால் கூட்டமும் ஏறும். எழுத்து மட்டும் பொருந்தினால் டிக்கெட் காசு திரும்பக் கிடைக்கும். அது நல்ல ஏற்பாடு. கேரளத்தில் முதல் பரிசு இன்னது என்று டிக்கெட்டிலேயே அச்சாகியிருக்கும், அது வளராது. அதற்குக் கீழே கடைசி நான்கு எண்களுக்கு 5000, 2000, 1000 என்று ஒரு நீண்ட படிக்கட்டு. அந்தப் படிக்கட்டுதான் என்னை இந்த ஆட்டத்தில் வைத்திருக்கிறது. 5000 ரூபாய் வரையிலான பரிசைக் கேரளத்தில் எந்த லாட்டரிக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம். ஆதார் வேண்டாம், அலுவலகம் வேண்டாம். அன்றைக்கே கேஸ் சிலிண்டரோ பிள்ளையின் பள்ளிப் புத்தகமோ வீட்டுக்கு வரும். வாழ்க்கைக்குள் அடங்கும் பரிசு என்று நான் சொல்வது இதைத்தான்.

அதனால்தான் 2025 மே மாதத்தில் வாரக் குலுக்கல்களின் விலையை 40-இலிருந்து 50 ஆக்கி, 70, 75, 80 லட்சமாக இருந்த முதல் பரிசுகளை ஒரு கோடியாக உயர்த்தியது எனக்குப் பிடிக்கவில்லை. விளம்பரப் பலகைக்கு ஒரு கோடி அழகு. எடுக்கிறவனுக்குத் தேவை அடிப்படிகளில் இன்னும் அதிகப் பேர் நிற்பது. அதே ஆண்டு செப்டம்பரில் லாட்டரி மீதான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 40 ஆனது. டிக்கெட் விலையை ஏற்றாமல் சமாளித்தார்கள் என்பது உண்மை. ஆனால் அந்தச் சுமை பரிசிலும் விற்பவரின் கமிஷனிலும் போய் விழுந்தது. இலங்கையிலும் விலை ஏறியிருக்கிறது. 2017-இல் 20 ரூபாய் டிக்கெட்டை 30 ஆக்கிப் பார்த்தார்கள், விற்பனை படுத்ததும் பழைய விலைக்கே திரும்பினார்கள். 2023-இல்தான் 40 ஆனது.

வரியில் இலங்கை கருணையானது. அங்கே ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட பரிசுக்கு 14 சதவீதம் பிடிப்பார்கள். இங்கே ஓணத்துக்கு வரும் பெரிய லாட்டரியான திருவோணம் பம்பரை எடுத்துக்கொள்ளுங்கள். 500 ரூபாய் டிக்கெட், முதல் பரிசு 25 கோடி. ஏஜென்ட் கமிஷன் 10 சதவீதம் போனால் 22.5 கோடி. அதில் 30 சதவீதம் வருமான வரி போனால் கைக்கு 15.75 கோடி. அதற்குப் பிறகும் கூடுதல் வரி தனியாகக் கட்ட வேண்டும்.

அந்த 25 கோடி முதன்முதலாக விழுந்தது 2022-இல், திருவனந்தபுரத்தின் ஒரு ஆட்டோ ஓட்டுநருக்கு. பிள்ளையின் உண்டியலை உடைத்து டிக்கெட் எடுத்தவர். சில நாட்களிலேயே, உதவி கேட்டு வருபவர்கள் தாங்க முடியவில்லை, சொந்த வீட்டில் இருக்க வழியில்லை, இதைவிடச் சிறிய பரிசு விழுந்திருக்கலாம் என்று அவர் வெளிப்படையாக வருந்தினார். நோயாளிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்பவரிடம் இல்லை என்று சொல்லும் வேலை ஒரு மனிதன் தலையில் விழுந்தது. அவர் மீது எனக்கு இன்றுவரை இரக்கம்தான்.

அடுத்த வருடம் ஜூலையில் மலப்புறம் மாவட்டம் பரப்பனங்காடியில் நடந்தது வேறு. வீடு வீடாகப் பிளாஸ்டிக் கழிவு சேகரிக்கும் ஹரித கர்ம சேனையைச் சேர்ந்த 11 பெண்கள் சேர்ந்து 250 ரூபாய் மழைக்கால பம்பர் ஒன்று எடுத்தார்கள். ஒன்பது பேர் ஆளுக்கு 25 ரூபாய் போட்டார்கள். அவ்வளவு முடியாத இரண்டு பேர் பன்னிரண்டரை ரூபாய் வீதம் போட்டார்கள். பத்துக் கோடி விழுந்தது. கமிஷனும் வரியும் போனால் 6.3 கோடி, 25 ரூபாய்க்காரருக்கு 63 லட்சம். கடன் அடையும், வீடு எழும், மகள் கல்யாணம் நடக்கும். வேலையை விட மாட்டோம் என்று அவர்கள் சொன்னதும் செய்தியில் வந்தது.

டிக்கெட் விலை கூடியதால்தான் கேரளத்தில் பங்கு போட்டு எடுக்கும் பழக்கம் வேர் பிடித்தது என்று நினைக்கிறேன். 500 ரூபாயைத் தனியாகப் போட முடியாதவர்கள் நால்வராகச் சேருகிறார்கள். 2023-இல் திருவோணம் பம்பர் விழுந்ததும் திருப்பூர்ப் பக்கத்து நான்கு பேருக்குத்தான். கொழும்பில் 40 ரூபாய் டிக்கெட்டுக்குப் பங்காளி தேட வேண்டிய தேவை இல்லை. ஆளுக்கொன்று வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறார்கள். மலிவு டிக்கெட்டின் லாபம் அது. ஆனால் வளர்ந்து நிற்கும் பெரும் பரிசு ஒற்றை ஆளின் தலையில் இறங்குவதும் அதனால்தான்.

லாட்டரிக் காசு நோய்க்குப் போவது இரண்டு இடத்துக்கும் பொது. இலங்கையில் அபிவிருத்தி லொத்தர் சபை 1983-இல் தொடங்கியதே ஜனாதிபதி நிதியத்துக்கும் மகாபொல புலமைப்பரிசிலுக்கும் பணம் சேர்க்கத்தான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஏழைப் பிள்ளைக்கு வரும் உதவித்தொகைக்கும் கொழும்பு புறக்கோட்டைக் கூண்டில் விற்கும் டிக்கெட்டுக்கும் தொடர்பு உண்டு. இதய அறுவைக்கும் சிறுநீரக நோய்க்கும் ஜனாதிபதி நிதியம் பணம் தருகிறது. அந்த நிதியிலிருந்து முன்னாள் அமைச்சர்கள் பெரிய தொகைகள் வாங்கிய பட்டியல் 2024 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டபோது எனக்குக் கோபம் வந்தது. அது டிக்கெட் எடுத்த கூலிக்காரரின் பணம். கேரளத்தில் கே.எம். மாணி நிதியமைச்சராக இருந்தபோது காருண்யா லாட்டரியின் வருமானத்தைப் புற்றுநோய், இதய, சிறுநீரக நோயாளிகளுக்கென்று ஒதுக்கினார். சனிக்கிழமை டிக்கெட் எடுத்துத் தோற்றவனுக்கும் ஒரு நிம்மதி இருந்தது. பிறகு அது ஐந்து லட்ச ரூபாய்க் காப்பீட்டுத் திட்டத்துக்குள் கலந்துவிட்டது. திட்டம் பெரிதானது நல்லதே. ஆனால் என் 50 ரூபாய் எங்கே போகிறது என்று இன்று டிக்கெட்டைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அந்தத் தொடர்பை மறுபடி கண்ணில் படும்படி வைக்க வேண்டும்.

கேரள டிக்கெட் அச்சாவது கொச்சியை ஒட்டிய நம் காக்கநாட்டில். அங்கிருந்து மட்டாஞ்சேரிக்கு வந்து, ஊன்றுகோலோடும் மூன்று சக்கர வண்டியோடும் ‘நாளெயாணு, நாளெயாணு’ (நாளைக்குத்தான்) என்று கூவும் மனிதர்கள் கையில் ஏறுகிறது. விற்காத டிக்கெட் அவர்களுடைய நஷ்டம். எண்ணைத் திருத்திய டிக்கெட்டைக் காட்டி, பார்வையில்லாதவரிடம் பரிசுக் காசு பறிக்கும் பாவிகளும் இருக்கிறார்கள். 2021-இல் ஆலுவா அருகே ஒரு பெண், போனில் சொல்லிவைத்து இன்னும் காசு தராத வாடிக்கையாளருக்கென்று எடுத்து வைத்த டிக்கெட்டில் ஆறு கோடி விழுந்ததை அறிந்தும், அன்றே அவர் வீட்டுக்குப் போய்க் கொடுத்துவிட்டு 200 ரூபாயை வாங்கிக்கொண்டார். இந்த ஆட்டம் இப்படிப்பட்டவர்களின் நேர்மையில்தான் நிற்கிறது.

மட்டாஞ்சேரிக்கு அதிர்ஷ்டத்தின் கொடிய முகமும் தெரியும். துறைமுகத்தில் ஒரு காலத்தில் ‘சாப்பா’ என்ற உலோக வில்லைகளைக் கூட்டத்தில் வீசுவார்கள். அடித்துப் பிடித்து எடுத்தவனுக்கு அன்று வேலை. எடுக்காதவன் வீட்டில் அடுப்பு எரியாது. அதை எதிர்த்த போராட்டத்தில் 1953 செப்டம்பர் 15 அன்று இங்கே துப்பாக்கிச் சூடு நடந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். ஒருவனுடைய கூலி அதிர்ஷ்டத்தில் தொங்கக் கூடாது என்று உயிரைக் கொடுத்துச் சொன்ன ஊர் இது. அதனால் அரிசிக்கு வைத்த காசில் டிக்கெட் எடுப்பவனை நான் கடையிலேயே தடுப்பேன். லாட்டரி முடிவின் கடைசி எண்களை வைத்துத் திருட்டுத்தனமாக நடத்தும் மூன்று நம்பர் சூதாட்டக்காரனோடு பேச்சே வைத்துக்கொள்ள மாட்டேன்.

திருவோணம் பம்பரில் இரண்டாம் பரிசு ஒரு கோடி வீதம் 20 பேருக்கு. 2025-இல் 75 லட்சம் டிக்கெட் விற்ற ஆட்டத்தில் என் கண் அந்த இருபதில்தான் இருந்தது. லாட்டரித் துறைக்கு நான் சொல்வது இதுதான்: முதல் பரிசை ஐந்து கோடியில் நிறுத்துங்கள், மீதி 20 கோடியில் இன்னும் 20 பேருக்கு ஒரு கோடி கொடுங்கள். கொழும்பில் யாராவது கேட்டால், பெரும் பரிசு வளர்வதற்கு ஓர் உச்சவரம்பு போட்டு, மிஞ்சியதை அந்த இரவே கீழ்ப்படிகளுக்குப் பிரித்துவிடச் சொல்வேன்.