அச்சத்தின் களங்கள்: டிராகுலா வேடமேற்ற நடிகர்கள்

பிராம் ஸ்டோக்கரின் 'டிராகுலா' (1897) புதினம் நாட்குறிப்புகள், கடிதங்கள், செய்தித்தாள் நறுக்குகள் ஆகியவற்றால் அமைந்தது. டிராகுலா பிரபு அதில் கதைசொல்லியாக வருவதில்லை. அஞ்சியவர்களின் சொற்களிலேயே அவன் உருப்பெறுகிறான். திரைப்படத்திற்கு இவ்வசதி இல்லை. அங்கு அவன் ஒரு நடிகரின் உடலாக வந்து நின்றாக வேண்டும்.

அச்சம் பிறக்கும் களங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்னும் நான்கினைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் சுட்டுகிறது. ஸ்டோக்கரின் பிரபுவிடம் இந்நான்கும் கலந்துள்ளன. அவன் இறந்தும் இறவாதவன், ஓநாயாகவும் வௌவாலாகவும் உருமாறுபவன், இரவில் படுக்கையறை புகுந்து குருதி கவர்பவன், கோட்டைக்கு உரியவன். நடிகர்கள் இவற்றுள் எதனை முன்னிறுத்தினர் என்பது கருதத்தக்கது.

உரிமை பெறாமல் மூர்நவ் இயக்கிய 'நோஸ்ஃபெராட்டு' (1922) படத்தில் பாத்திரத்தின் பெயர் ஓர்லோக். மாக்ஸ் ஷ்ரெக்கின் கூர்ங்காதும் முன்பற்களும் நீண்ட நகங்களும் எலியை நினைவூட்டுவன. அவனுடன் நகருக்குள் எலிகளும் கொள்ளைநோயும் நுழைகின்றன. விலங்கே இங்குக் களம்.

டாட் பிரவுனிங்கின் படத்தில் (1931) நடித்த பேலா லுகோசி, 1927இல் பிராட்வே மேடையில் இதே வேடமேற்றவர். படத்தில் அவர் கோரைப்பற்களை ஒருமுறைகூடக் காட்டுவதில்லை. விருந்துக்குரிய உடையும், சொல்லுக்குச் சொல் இடைவெளி விடும் ஹங்கேரிய உச்சரிப்பும், கண்களில் படியும் ஒளியுமே அவர் கருவிகள். வான் ஹெல்சிங்கைத் தன்னிடம் வருமாறு அவன் பணிக்கும் காட்சி இந்நடிப்பின் உச்சம் எனலாம். முதியவர் சில அடிகள் முன்வந்து, முயன்று நின்றுவிடுகிறார். ஆணை பலிக்காதபோதுதான் அவ்வாணையின் வலிமை புலப்படுகிறது. இது இறைவழி வந்த அச்சம்.

டெரன்ஸ் ஃபிஷரின் 1958ஆம் ஆண்டுப் படத்தில் கிறிஸ்டோபர் லீயின் நடிப்பை வண்ணக் குருதியின் கவர்ச்சி என ஒதுக்குவது எளிது, அது முறையன்று. படிக்கட்டின் உச்சியில் நிழலுருவாகத் தோன்றும் பிரபு, விரைந்திறங்கி வந்து ஹார்க்கரிடம் பண்புள்ள விருந்தோம்புநனாகப் பேசுகிறான். பின்னர் அதே மாளிகையின் நூலகத்தில், சிவந்த கண்களும் குருதி தோய்ந்த வாயுமாகப் பாய்கிறான். ஹார்க்கருடனான உரையாடலுக்குப் பின் படம் முடியும்வரை அவன் பேசுவதே இல்லை. இறையாக வந்தவன் விலங்காவதைச் சொல்லின் இழப்பால் லீ உணர்த்துகிறார். லுகோசியின் பிரபு பேச்சால் ஆள்பவன். பேச்சு ஒழிந்த பின்னரே லீயின் பிரபு முழுமை பெறுகிறான். 'டிராகுலா: பிரின்ஸ் ஆஃப் டார்க்னஸ்' (1966) படத்திலோ அவனுக்கு ஒரு வசனமும் இல்லை. ஆயினும் அங்கு இழப்பதற்குச் சொல்லே இல்லாமையால், முதற்படத்தின் அதிர்ச்சி வாய்க்கவில்லை.

வெர்னர் ஹெர்சாக்கின் 1979ஆம் ஆண்டுப் படத்தில் கிளாஸ் கின்ஸ்கி மீண்டும் ஷ்ரெக்கின் ஒப்பனையையே ஏற்கிறார். அதே பற்கள், அதே நகங்கள். ஆனால் சாவு வாய்க்காத சோர்வும் அன்புக்கு ஏங்கும் தாழ்ந்த குரலும் சேர்ந்து, காண்போரிடம் அச்சத்தினும் மிகுதியாக அழுகை என்னும் மெய்ப்பாட்டையே எழுப்புகின்றன.