மாணவர் சந்தையும் மறுநாள் வகுப்பறையும்

இலங்கையின் தமிழ்மொழிப் பாடசாலைகளில் ஆரம்பப் பிரிவு மாணவர்கள் வீட்டுத் தோட்டத்து மரக்கறி, பழம், கீரை, பனங்கிழங்கு முதலியவற்றைக் கொண்டுவந்து, ஆசிரியரும் பெற்றோரும் அயலவரும் வாங்க, ஒரு நாள் விற்கும் நிகழ்வு ‘மாணவர் சந்தை’ அல்லது ‘சிறுவர் சந்தை’ எனப்படுகிறது. 1999இல் நாடெங்கும் அறிமுகமான ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை ஆகிய மூன்றையும் கற்றலின் வழிகளாக ஏற்று, சுற்றாடல்சார் செயற்பாடுகள் என்னும் பாடத்தையும் வகுத்தமையால், இந்நிகழ்வு பாடத்திட்டத்தோடு இயல்பாகவே பொருந்திவிடுகிறது.

இதன் நன்மை வெளிப்படையானது. வகுப்பில் வாய் திறக்கத் தயங்கும் பிள்ளையும் தன் முன் வந்து நிற்பவரிடம் விலை சொல்லியாக வேண்டும். தராசில் நிறுக்க வேண்டும். நாணயத்தையும் தாளையும் இனங்கண்டு எண்ண வேண்டும். பெற்றோரின் உழைப்பு காசாகும் விதத்தைப் பிள்ளை தன் கையாலேயே தொட்டறிவது பெரும் பேறாகும்.

ஆயினும், சந்தை நடக்கும் விதத்தை அருகிருந்து நோக்கினால் ஒரு குறை புலப்படும். ஐம்பது ரூபாய்க் கீரைக்கட்டுக்கு நூறு ரூபாய்த் தாளை நீட்டும் பெரியவர், “மிச்சத்தை நீயே வைச்சுக்கொள், பிள்ளை” என்று அன்போடு சொல்லிவிட்டு நகர்கிறார்; மிகுதிக் காசைக் கணக்கிட்டுக் கொடுக்கும் வாய்ப்பு, அதாவது அன்றைய பாடத்தின் உயிரான பகுதி, அந்த அன்பினாலேயே பறிபோகிறது. விலையையும் பெரும்பாலும் வீட்டிலேயே பெரியவர்கள் எழுதி ஒட்டி அனுப்புவதால், அந்த விலை எப்படி வந்தது என்ற கேள்வி பிள்ளைக்கு எழுவதேயில்லை.

இதைவிட ஆழமான இடர் ஒன்றும் உண்டு. பிரேசிலின் ரெசிஃபி நகரத் தெருக்களில் விற்ற சிறுவர்களை ஆராய்ந்து 1985இல் வெளியான கட்டுரையின்படி, விற்பனையின்போது 98.2 வீதமான கணக்குகளுக்குச் சரியான விடை சொன்ன அவர்களே, அவ்வகைக் கணக்குகள் வெறும் எண்களாகத் தரப்பட்டபோது 36.8 வீதத்துக்கே சரியான விடை கண்டார்கள். ஒன்று 35 குருசேரோ விலையுள்ள பத்துத் தேங்காய்க்கு விலை கேட்கப்பட்ட சிறுவன், பத்தால் பெருக்காமல், மூன்றின் விலையான 105ஐ அடுக்கடுக்காகக் கூட்டி, இறுதியில் ஒன்றின் விலையையும் சேர்த்து 350ஐ அடைந்தான். கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலைசெய்யும் 1,436 சிறுவர்களைப் பொருளியலாளர்களான அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ உள்ளிட்டோர் ஆராய்ந்து 2025இல் வெளியிட்ட முடிவும் இதையே உறுதிசெய்தது. அதே ஆய்வில், பாடசாலையில் மட்டும் கணிதம் கற்ற பிள்ளைகளோ சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். சந்தை அறிவும் ஏட்டறிவும் தாமாக ஒன்றுக்குள் ஒன்று பாய்வதில்லை என்பதே இவற்றின் பொருள். ஆகவே மாணவர் சந்தை நடந்துவிட்டதாலேயே கணிதம் வளர்ந்துவிடும் என நம்புவதற்கு இடமில்லை.

விலை எப்படி வருகிறது என்று பிள்ளை அறியாத குறையை உண்மைச் சந்தைக்கான களப்பயணம் ஓரளவு ஈடுசெய்யக்கூடும், அது வேடிக்கை பார்த்துத் திரும்புவதாக முடியாவிட்டால். யாழ்ப்பாணத்துச் சுன்னாகச் சந்தையிலோ மருதனார்மடச் சந்தையிலோ ஒரே கத்தரிக்காய் காலையில் என்ன விலை, நண்பகலில் என்ன விலை என்று பிள்ளைகள் கேட்டெழுதினால், வரத்தும் தேவையும் விலையை அசைப்பது அவர்களுக்கு விளங்கும். விவசாயிகள் நெடுங்காலமாக முறையிட்டுவரும் ‘கழிவு’, அதாவது பத்துக் கிலோவுக்கு ஒரு கிலோவை விலையின்றி வியாபாரி எடுத்துக்கொள்ளும் வழக்கம், தரம் நான்கு பிள்ளைக்கும் எளிதில் புரியக்கூடிய கணக்கே. நூறு கிலோ கொண்டுவந்தவருக்குத் தொண்ணூறு கிலோவின் காசுதான் கிடைக்கும் என்பதைக் கண்டறியும் பிள்ளை கழித்தலோடு நியாயத்தையும் சேர்த்தே கற்கிறது. சந்தையின் இந்த முகத்தைப் பிள்ளைகளிடமிருந்து மறைப்பது சரியன்று.

மாணவர் சந்தைக்கு நாள் குறிக்கும் ஆசிரியர்கள், மறுநாளின் முதற் பாடவேளையையும் அப்போதே ஒதுக்கிவைக்க வேண்டும். கொண்டுவந்தது எவ்வளவு, விற்றது எவ்வளவு, கொடுத்த மிகுதி எவ்வளவு, மிஞ்சியது எவ்வளவு என்று ஒவ்வொரு பிள்ளையும் தன் அப்பியாசக் கொப்பியில் தன் கையாலேயே எழுதிப் பார்க்கட்டும்.