ஐந்து நிமிடச் சராசரியும் 0.3 மில்லி விநாடி நெரிசலும்

டேட்டா சென்டர் சுவிட்சுகளில் 3-க்கு 1 என்ற பங்கீடு மரபாகவே ஆகிவிட்டது. கீழே சர்வர்களுக்கு 10 ஜிகாபிட் போர்ட்டுகள் 48. மேலே 40 ஜிகாபிட் அப்லிங்க்குகள் நான்கு. 480 ஜிகாபிட் வரத்துக்கு 160 ஜிகாபிட் வழி. இதற்கு ஆதரவாக நீட்டப்படுவது பெரும்பாலும் ஒரே வரைபடம்தான்: அப்லிங்க் சராசரியாக 20 விழுக்காடுகூட நிறையவில்லையாம். பணம் மிச்சமாவது உண்மை. ஆப்டிக்ஸும் மேலடுக்கு சுவிட்சுகளும் மலிவல்ல. அலுவலகக் கட்டடங்களில் 20-க்கு 1 வைத்தும் வேலை தடையின்றி நடக்கிறது. என் மறுப்பு அந்த வரைபடத்தைச் சான்றாகக் கொள்வதில்தான்.

அது வழக்கமாக ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எண்ணிக்கையை வாசித்து வரையப்படுவது. நெரிசலோ வேறொரு கால அளவில் நடக்கிறது. பிராட்காமின் டிரைடென்ட் 2 சிப்பில் எல்லாப் போர்ட்டுகளுக்கும் பொதுவான பஃபர் 12 மெகாபைட். 48 சர்வர்களும் ஒருசேர மேல்நோக்கி அனுப்பினால் விநாடிக்கு 320 ஜிகாபிட், அதாவது 40 ஜிகாபைட், வழியின்றித் தேங்கும். அந்த முழு பஃபரையும் இதற்கே கொடுத்தாலும் 0.3 மில்லி விநாடியில் நிரம்பிவிடும். பிறகு வரும் பேக்கெட்டுகள் கீழே விழும். 300 விநாடிச் சராசரி இதைவிடப் பத்து லட்சம் மடங்கு நீளமானது. அதில் இந்த நெரிசல் ஒரு புள்ளியாகக்கூடத் தெரியாது. ஆனால் ஓர் அனுப்புதலின் கடைசிப் பேக்கெட்டுகள் விழுந்தால், லினக்ஸின் டிசிபி மறுபடி அனுப்பும்முன் குறைந்தது 200 மில்லி விநாடி காத்திருக்க நேரலாம். பயனர் உணர்வது இந்தத் தாமதத்தை. வரைபடம் காட்டுவதோ காலியான அப்லிங்க்கை.

எல்லாரும் ஒரே கணத்தில் அனுப்புவது அரிது என்பார்கள். 1917-இல் எர்லாங் தொலைபேசிக்கு வகுத்த கணக்கின் அடிப்படையும் அதுதான்: ஒருவர் அழைப்பது இன்னொருவரைப் பொறுத்ததல்ல. மனிதர்களுக்கு அது பொருந்தியது. செயற்கை நுண்ணறிவு மாதிரியைப் பயிற்றும் ஜிபியுக்கள் ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் தம் கணக்குகளை ஒரே நேரத்தில் பரிமாறிக்கொள்கின்றன. ஒன்று பிந்தினால் மற்றவை சும்மா நிற்கும். இங்கே ஒருசேர அனுப்புவது தற்செயல் அல்ல, நிரலே அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது. இத்தகைய ஜிபியு ரேக்குக்கும் அதே 3-க்கு 1 என்பது பொறியியல் ஆகாது, பழக்கம்.

முன்னுரிமை வகுத்துச் சமாளிக்கலாம் என்ற பதிலும் நிற்காது. எல்லாப் பேக்கெட்டும் ஒரே வகுப்பைச் சேர்ந்தவையானால் யாருக்கு முன்னுரிமை? பேக்கெட்டைக் கீழே விடாமல், அனுப்புபவரையே நிறுத்திவைக்கும் பிஎஃப்சி முறை இழப்பைத் தடுக்கும்; ஆனால் அந்த நிறுத்தம் பின்னோக்கிப் பரவி, நெரிசலில் பங்கில்லாத ஓட்டங்களையும் முடக்கும். 1-க்கு 1 ஆக்கினாலும் பல சர்வர்கள் ஒரே சர்வருக்கு அனுப்பும்போது அந்தப் போர்ட் திணறும் என்பது சரியே. ஆயினும் அந்தத் திணறலைத் தாங்குவது பெரும்பாலும் அந்த ஒரு சர்வர். குறுகிய அப்லிங்க்கிலோ தொடர்பே இல்லாத சர்வர்கள் உட்பட ரேக் முழுதும் தாங்குகிறது. விகிதத்தை முடிவு செய்யுமுன் பார்க்க வேண்டியவை பஃபர் எட்டிய உச்சமும், விழுந்த பேக்கெட்டுகளின் எண்ணிக்கையும். உச்ச அளவைப் பதியும் வசதி பல சுவிட்சுகளில் இருக்கிறது; விழுந்தவற்றின் கணக்கு அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு.