படிப்பவரும் பயன் சொல்பவரும்

யாழ்ப்பாணத் தீவகத்தில் கவிதை வகுப்பு என்றால் ஏதோ புதிய ஏற்பாடு போலத் தோன்றும். உண்மையில் அது கோயில் மண்டபங்களில் தலைமுறை தலைமுறையாக நடந்து வந்ததுதான். பெயர் மட்டும் புராணப் படிப்பு. ஒருவர் செய்யுளை இராகத்தோடு பாடிப் பதம் பிரிப்பார். மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்வார். கார்த்திகையில் பிள்ளையார் கதை, திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணம், இவற்றுக்கெல்லாம் மேலே பத்தாயிரத்துக்கும் அதிகமான செய்யுள்கள் கொண்ட கந்தபுராணம். யாழ்ப்பாணத்தார் வாழ்க்கையையே 'கந்தபுராண கலாசாரம்' என்றார் பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை. கத்தோலிக்க ஊர்களில் தவக்காலம் வந்தால் யாக்கோமே கொன்சால்வெஸின் வியாகுல பிரசங்கம். அது வசனம்தான், ஆனாலும் இராகமிட்டே வாசிப்பார்கள்.

இந்த முறையின் பலம் காதுதான். பதம் தவறாகப் பிரிந்தால் பயன் சொல்பவர் இடறுவார். சபைக்கு உடனே தெரிந்துவிடும். இன்றைய வகுப்பறைகளில் பொருளுக்குத் தாவுகிற அவசரத்தில் ஓசை தொலைந்துபோகிறது. பழைய முறைக்குக் குறையும் உண்டு. பயன் சொல்பவரை மறித்துக் கேள்வி கேட்கும் வழக்கம் இல்லை. மண்டபத்துக்கு உள்ளே யார் இருக்கலாம் என்பதைச் சாதி முன்கூட்டியே தீர்த்து வைத்திருந்தது.

சாதி என்ற குறையைத் தீவகத்துப் புங்குடுதீவு எதிர்கொண்டது. அவ்வூர் எழுத்தாளர் மு. தளையசிங்கம் இலக்கியம் பேசியதோடு நிற்கவில்லை. கண்ணகி அம்மன் கோயில் கிணற்றில் ஒடுக்கப்பட்டவர்கள் தண்ணீர் அள்ளும் உரிமைக்காக 1971இல் போராடித் தாக்கப்பட்டார். 1973இல் இறந்தார். அவருடைய தம்பி மு. பொன்னம்பலமும் சு. வில்வரத்தினமும் தளையசிங்கத்தின் சிந்தனையிலிருந்து கிளைத்த கவிஞர்கள். வில்வரத்தினம் தம் கவிதைகளைப் பாடிக் காட்டுவார். புராணப் படிப்பின் குரல், மண்டபத்தை விட்டு வெளியே வந்து ஒலித்த இடம் அது என்பேன். போரால் நேர்ந்த 1990, 91 இடப்பெயர்வுகளில் வெறிச்சோடிய ஊர்களை அவருடைய 'காற்றுவழிக் கிராமம்' தொகுப்பில் காணலாம்.

ஊர்காவற்துறை கரம்பனில் 1913இல் பிறந்த தமிழறிஞர் தனிநாயகம் அடிகளின் கதை வேறு. ரோமாபுரியில் இறையியல் படித்துக் குருவான அவர், தமிழ்நாட்டு வடக்கன்குளத்தில் ஆசிரியராக இருந்தபோது ஒரு பண்டிதரிடம் உட்கார்ந்து பழந்தமிழ் பாடம் கேட்டார். சங்கப் பாட்டில் இயற்கை என்ன வேலை செய்கிறது என்ற அவருடைய ஆய்வு பின்னால் வந்தது. நெய்தலுக்கு நடுவில் பிறந்தவர் நெய்தலைப் பாடமாகக் கற்கப் பாக்குநீரிணையைக் கடக்க வேண்டியிருந்தது.

இப்படிச் சேர்ந்து படிப்பதை மறுபடி தொடங்கப் புதிய இடம் தேவையில்லை. சனசமூக நிலையங்களில் பத்திரிகை வாசிக்க மேசை இருக்கிறது. கிழமையில் ஒரு பின்னேரம் அதே மேசையைச் சுற்றி நாலு பேர் உட்காருங்கள். முதலில் பாட்டைச் சத்தமாகப் படியுங்கள். பயன் சொல்பவரை யாராவது ஒருவர் மறித்துக் கேளுங்கள். முதல் நாளுக்கு வில்வரத்தினத்தின் தொகுப்பை எடுக்கலாம்.